கில்மோர் ஈஸ்ட் தீ, 2009 பிப்ரவரி 7: மின்கம்பத்தில் தொடங்கிக் குளியலறையில் முடிந்த நாள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7, சனிக்கிழமை மூண்ட காட்டுத்தீகளில் 173 பேர் இறந்தார்கள். அவர்களில் 119 பேரைப் பலிகொண்டது ஒரே தீ. மெல்பர்னுக்கு வடக்கே கில்மோர் ஈஸ்ட் பகுதியில், நண்பகலுக்குச் சற்று முன் ஒரு மின்கம்பி அறுந்ததில் பிடித்த தீ அது. 12 மணி நேரத்துக்குள் 1,00,000 ஹெக்டேரைத் தின்றது. அணைந்து முடிந்தபோது எரிந்த பரப்பு 1,25,383 ஹெக்டேர், அழிந்த வீடுகள் 1,242.

மாநில அரசு அமைத்த ராயல் கமிஷன் 155 நாள் விசாரித்து, 2010 ஜூலையில் 67 பரிந்துரைகளுடன் இறுதி அறிக்கை தந்தது. தீயின் ஓட்டத்தைத் தீ நடத்தை ஆய்வாளர்கள் நிமிடக்கணக்கில் மறுபடி வரைந்தார்கள். இவ்வளவு நுணுக்கமாக அலசப்பட்ட காட்டுத்தீகள் உலகில் குறைவு. அதனால்தான் இதை எடுத்துக்கொள்கிறோம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அப்படிப்பட்ட நாளில், தீ பிடித்த முதல் சில நிமிடங்கள் கைநழுவினால் எந்தப் படையாலும் அதை நிறுத்த முடியாது. உயிரைக் காக்கும் வேலைக்கு மிஞ்சுவது மூன்று இடங்கள்தான்: தீ பிடிக்கும் இடம், எச்சரிக்கை போய்ச் சேரும் வழி, வீட்டுக்காரர் முன்கூட்டியே எடுத்து வைத்த முடிவு. அன்று மூன்றிலும் பிசகு நேர்ந்தது.

நாளின் தன்மை

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் பல ஆண்டு வறட்சி. ஜனவரி 28, 29, 30 ஆகிய மூன்று நாளும் மெல்பர்னில் வெப்பம் 43 டிகிரியைத் தாண்டியது. அந்த ஜனவரியில் நகரில் மழை பெய்ததாகவே சொல்ல முடியாது. பிப்ரவரி 7 அன்று வெப்பம் 46.4 டிகிரி, அந்நகரில் அதுவரை பதிவானதிலேயே உச்சம். காற்றின் ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. உள்நாட்டுப் பாலைவெளியிலிருந்து வடக்கு, வடமேற்குக் காற்று சூறாவளி போல் வீசியது.

இந்த எண்களில் தீயணைப்பு வீரர் முதலில் பார்ப்பது ஈரப்பதத்தைத்தான். சருகும் காய்ந்த புல்லும் காற்றிலுள்ள ஈரத்தை ஓரிரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்ளும், அதே வேகத்தில் விட்டுவிடும். சாதாரண வெயில் நாளில் சருகுக்குள் எடையில் 8, 10 சதவீதம் ஈரம் நிற்கும். விழும் கங்குகளில் பல அப்படியே அவிந்துபோகும். 4 சதவீதத்துக்கு வந்துவிட்டால் விழுகிற கங்கெல்லாம் ஏறக்குறைய தீயாகிவிடும். அன்று தீ பாய்ந்து பாய்ந்து போனதன் அடிப்படைக் காரணம் இதுதான்.

அன்று நடைமுறையில் இருந்தது மெக்ஆர்தர் தீ அபாயக் குறியீடு. 1939 ஜனவரி 13 அன்று விக்டோரியாவை அழித்த தீயின் வானிலையை 100 என்று வைத்து அமைத்த அளவுகோல் அது. பிப்ரவரி 7 அன்று பல நிலையங்களில் குறியீடு 100-ஐ வெகுவாகத் தாண்டிவிட்டது. மாநில முதல்வரே முந்தைய நாள், நாளை மிக மோசமான நாள் என்று மக்களிடம் சொல்லியிருந்தார். வெட்டவெளியில் தீ மூட்ட மாநிலம் முழுவதும் தடை. நாள் மோசமாக இருக்கப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் மோசம் என்றால் தன் வீட்டுக்கு என்ன பொருள் என்பது பலருக்கும் தெரியவில்லை.

கம்பி

அறுந்த கம்பி ஒற்றைக் கம்பி மின்பாதையைச் சேர்ந்தது. தொலைவிலுள்ள பண்ணை வீடுகளுக்குச் செலவு குறைவாக மின்சாரம் கொடுக்க ஆஸ்திரேலியாவில் இம்முறை பரவலாக உண்டு. 12.7 கிலோவோல்ட்டில் ஒரே ஓர் எஃகுக் கம்பி போகும். மின்னோட்டம் பூமி வழியாகத் திரும்பும். எஃகு வலுவானது என்பதால் கம்பங்களுக்கு நடுவே நீண்ட ஸ்பான் விடலாம். இங்கே பள்ளத்தாக்கைக் கடந்த அந்த ஒரு ஸ்பானின் நீளம் மட்டும் 1,043 மீட்டர். கம்பியின் வயது 43 ஆண்டு.

நீண்ட ஸ்பானில் இழுவிசையோடு நிற்கும் கம்பி மெல்லிய காற்றிலும் அதிர்ந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த அதிர்வை ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டிய இடம் கம்பத்தருகே கம்பி முடியும் முனை. அங்கே கம்பியைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும் சுருள் பிடி ஒன்று இருக்கும். அதன் மடிப்பு, திம்பிள் என்ற குழிவான உலோக வளையத்தின் காடிக்குள் ஒழுங்காக உட்கார வேண்டும். உட்கார்ந்தால் விசை வளைவு முழுவதும் பரவும். இந்தக் கம்பத்தில் அது காடியில் சரியாக உட்காரவில்லை. ஒவ்வோர் அதிர்விலும் கம்பி ஒரே புள்ளியில் வளைந்து நிமிர்ந்தது. உலோகம் களைத்து, இழைகள் விட்டுப்போய், பலத்த காற்றடித்த அந்நாளில் கம்பி அறுந்தது.

அறுந்த முனையில் மின்சாரம் இருந்தது. அது கம்பத்தைத் தாங்கும் ஸ்டே கம்பியில் உரசி, மின்வில் பாய்ந்து, கீழே காய்ந்து கிடந்த செடி கொடிகளைப் பற்றவைத்தது.

இதைத் தடுத்திருக்கலாம். ஏறத்தாழ ஓராண்டுக்கு முன் இந்தப் பாதையைப் பார்வையிட்டபோது, காடியில் உட்காராத பிடி கண்ணில் படாமல் போயிற்று. பார்வையிடும் சுழற்சி ஐந்து ஆண்டு. ஒருமுறை தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு ஐந்து ஆண்டு கழித்துத்தான். கமிஷன் இதை மூன்று ஆண்டாகக் குறைக்கச் சொன்னது. நீண்ட ஸ்பான்களில் அதிர்வடக்கிகள் பொருத்தவும் சொன்னது. கம்பியில் கவ்விவிடும் சிறு எடை போன்ற பாகம்தான் அதிர்வடக்கி. காற்று கொடுக்கும் ஆட்டத்தைக் கம்பியின் முனைக்குப் போகவிடாமல் தானே வாங்கிக்கொள்ளும்.

ரீகுளோசர் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாதையில் பழுது ஏற்பட்டால் இது மின்சாரத்தைத் துண்டித்து, சில நொடி காத்திருந்து, மறுபடி கொடுக்கும். கிளை பட்டு விலகியது போன்ற தற்காலிகப் பழுதுகளில் வீடுகள் இருளில் கிடக்காமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. கம்பி அறுந்து காய்ந்த புல்லில் கிடக்கும்போது, இதே ஏற்பாடு அணைந்த நெருப்புக்கு மறுபடி தீக்குச்சி கிழித்துக் கொடுக்கிறது. கடும் அபாயமுள்ள ஆறு வாரங்களுக்கு ஒற்றைக் கம்பிப் பாதைகளில் மறு இணைப்பை நிறுத்திவைக்க வேண்டும் என்றது கமிஷன். எங்கள் பார்வையில், 67 பரிந்துரைகளில் மிகக் குறைந்த செலவில் மிக விரைவாகப் பலன் தரக்கூடியது இதுதான்.

அன்று மாநிலத்தில் மூண்ட 11 பெருந்தீகளில் ஐந்துக்குக் காரணம் மின்சாதனக் கோளாறு. கடுங்காற்று நாளில் மரத்தை முறிக்கும் அதே காற்றுதான் கம்பியையும் அறுக்கிறது, பிடித்த தீயையும் விரட்டுகிறது. மற்ற நாளில் மின்பாதைத் தீ சிறு பங்குதான். இப்படிப்பட்ட நாளில் அதன் பங்கு பெருகுவது இதனால்தான்.

கில்மோர் ஈஸ்ட் தீயில் பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த கூட்டு வழக்கு 2014-இல் 49 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேற்பட்ட தொகைக்குச் சமரசமாக முடிந்தது.

ஏன் நிறுத்த முடியவில்லை

இதை உணர்ச்சியால் அல்ல, கணக்கால்தான் புரிந்துகொள்ள முடியும். தீயின் முகப்பில் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு நொடியில் வெளியாகும் ஆற்றலைத் தீச்செறிவு என்பார்கள். கணக்கு எளிது: ஒரு கிலோ சருகு தரும் வெப்பம் (சுமார் 18,600 கிலோஜூல்), ஒரு சதுர மீட்டரில் எரியும் சருகின் எடை, தீ நகரும் வேகம் ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும்.

கைக்கருவிகளோடு ஆட்கள் நேருக்கு நேர் நின்று வேலை செய்யக்கூடியது மீட்டருக்குச் சுமார் 500 கிலோவாட் வரை. டேங்கர் வண்டியும் புல்டோசரும் 2,000 வரை. தரையில் ஆட்கள் துணையிருந்தால் விமானத்தின் தண்ணீரும் ரசாயனமும் 3,000, 4,000 வரை கைகொடுக்கும். அதற்கு மேல் முகப்பை விட்டுவிட்டுப் பக்கங்களைத்தான் பிடிக்க முடியும்.

கில்மோர் ஈஸ்ட் தீயின் சராசரிச் செறிவு உச்சத்தில் 88,000 கிலோவாட். வேகம் நிமிடத்துக்கு 68 முதல் 153 மீட்டர், அதாவது மணிக்கு 4 முதல் 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல். புல்வெளியில் ஓடும் தீக்கு இது பெரிய வேகமல்ல. அடர்ந்த யூகலிப்டஸ் காட்டுக்கு மிகப் பெரிய வேகம். கணக்கைத் திருப்பிப் போட்டால், சதுர மீட்டருக்கு இரண்டு கிலோவுக்கும் சற்றுக் குறைந்த சருகு போதும் இந்த எண்ணை எட்ட. அந்தக் காடுகளில் அது சர்வசாதாரணமான சுமை. அசாதாரணமாக இருந்தது வேகம்தான். வேகத்தைக் கொடுத்தவை காற்றும், தீக்கு முன்னால் கொத்துக் கொத்தாய் விழுந்த கங்குகளும்.

முதல் வண்டிகள் வந்தபோதும் வாய்ப்பு மிகக் குறுகலாகவே இருந்தது. 3,000 லிட்டர் டேங்கர் ஒன்று நிமிடத்துக்கு 200 லிட்டர் வீதம் அடித்தால் 15 நிமிடத்தில் காலி. வழக்கமான முறை இது: எரிந்து முடிந்த கருநிலத்தில் நங்கூரம்போல் ஓர் இடத்தைப் பிடித்து, ஒரு பக்கமாக நகர்ந்து, முகப்பைச் சுருக்கிக்கொண்டே போக வேண்டும். தீ மரங்களுக்குள்ளும் சரிவுக்கும் போய்விட்டால் வண்டியால் பக்கவாட்டில் ஓட முடியாது. சரிவு 10 டிகிரி கூடினால் மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். மேட்டுக்கு மேலே, தீயின் பாதையில் ஆட்களை நிறுத்துவது கொலைக்குச் சமம். அங்கே நிற்காமல் பின்வாங்கிய குழுக்கள் சரியாகத்தான் செய்தன.

ஓட்டம்

தீ தென்கிழக்காக ஓடி, பிற்பகல் தொடக்கத்தில் ஹியூம் நெடுஞ்சாலையைத் தாண்டியது. இருபுறமும் வெட்டவெளி விட்ட பலவழிச் சாலை ஒன்று இப்படித் தாண்டப்படும் என்று எதிர்பார்க்காத பலர், சாலைக்கு அப்பால் இருப்பதாலேயே தங்களுக்கு ஆபத்தில்லை என்று எண்ணியிருந்தார்கள். அடுத்து வந்தது மவுண்ட் டிஸப்பாயின்ட்மென்ட் மலைக்காடு. அங்கிருந்து கிங்லேக் மேட்டுநிலமும், அதன் அடிவாரத்தில் ஸ்ட்ராத்எவன், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்களும்.

யூகலிப்டஸ் பட்டையில் இரு வகையை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். நார்ப்பட்டை மரங்களில் பட்டை நார் நாராய் மரத்தோடு ஒட்டியிருக்கும். தீ அடியில் பட்டதும் திரிபோல் ஏறி, ஆயிரக்கணக்கான கங்குகளைச் சில நூறு மீட்டருக்குள் கொட்டும். முகப்பை முன்னே இழுத்துச் செல்வது இந்தக் குறுந்தூரக் கங்கு மழை. நாடாப்பட்டை மரங்களில் பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கும். அந்த நாடாக்கள் சுருண்டு குழலாகி, உள்ளே கனன்றபடியே புகைத்தூணில் ஏறி, மேல்காற்றில் வெகுதூரம் போகும். அன்று தீ முகப்புக்கு 33 கிலோமீட்டர் முன்னால் வரை புதுத்தீகள் பிடித்தன. "தீ இன்னும் 20 கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது" என்ற பேச்சுக்கு அன்று பொருளே இல்லாமல் போனது.

மாலை 5.30-க்கும் 6.30-க்கும் இடையே காற்று திரும்பியது. வடமேற்கிலிருந்து வீசிய வெப்பக்காற்று போய்த் தென்மேற்குக் குளிர்காற்று வந்தது. மெல்பர்ன் நகரவாசிக்கு அது நிம்மதிப் பெருமூச்சு. தீக்கு அது வேறு. அதுவரை தீ நீண்டு ஒடுங்கிய கீற்றாக ஓடியிருந்தது; முகப்பு குறுகல், கிழக்குப் பக்கம் சுமார் 55 கிலோமீட்டர் நீளம். காற்று திரும்பிய கணத்தில் அந்த 55 கிலோமீட்டர் பக்கம் முழுவதும் முகப்பாகிவிட்டது. சாவுகளில் பெரும்பகுதியை இந்தத் திருப்பத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். வெப்பத்தூண் இடியும் மின்னலும் கொண்ட தீமேகமாகி, புகையை வளிமண்டலத்தின் அடுக்குமண்டலம் வரை கொண்டுபோனது.

இது புதுப் பாடமல்ல. 1983 பிப்ரவரி 16 அன்று விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் 75 பேர் இறந்த தீகளிலும் காற்றுத் திருப்பமே பெரும்பாலானவர்களைக் கொன்றது. 1998 டிசம்பர் 2 அன்று லின்டனில் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் ஐவர் இறந்தது, தீயின் பக்கத்தில் எரியாத பகுதியில் வண்டியோடு இருந்தபோது காற்று திரும்பியதால். அவர்கள் டேங்கரில் தண்ணீர் தீர்ந்திருந்தது. வண்டியையும் ஆட்களையும் காத்துக்கொள்ளும் அளவுக்குத் தண்ணீரைத் தொடாமல் மிச்சம் வைக்க வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு இறுகியது. வானிலை நிலையம் பிப்ரவரி 7-இன் காற்றுத் திருப்பத்தையும் முன்கூட்டியே சொல்லியிருந்தது. தீ எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம் கையிலிருந்தால், திரும்பியபின் எங்கே போகும் என்பதைத் தாளில் ஓர் அளவுகோலை வைத்தே வரைந்துவிடலாம்.

எச்சரிக்கை எங்கே நின்றது

இந்த நிகழ்வில் மனத்தை மிகவும் உறுத்தும் பகுதி இது. கில்மோரில் இருந்த கட்டுப்பாட்டு மையத்தில், இவ்வளவு பெரிய தீயை நடத்தும் மூன்றாம் நிலைத் தகுதி கொண்ட குழு தயாராக இல்லை. தீ போகும் திசையிலிருந்த காங்கரூ கிரவுண்ட் மையத்தில் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் பொறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்படவில்லை. தனியார் நிலத்துக்கு ஒரு துறை, அரசுக் காட்டுக்கு வேறொரு துறை என்ற ஏற்பாடும் குழப்பத்தைக் கூட்டியது. தீ எங்கெங்கே போகும் என்று நிபுணர்கள் கணித்த வரைபடங்கள் இருந்தும், அவை எச்சரிக்கையாக மாறி ஊர்களுக்குப் போகவில்லை. தகவல் தொலைபேசி எண்ணில் ஏராளமான அழைப்புகள் எடுக்கப்படாமலே போயின. கிங்லேக் பகுதியில் பலருக்கு முதல் எச்சரிக்கை புகையும் கங்கும்தான்.

எச்சரிக்கைக்கு ஒப்புதல் வாங்கும் சங்கிலி நீளமாக இருந்தது. களத்திலிருந்து செய்தி மையத்துக்கு வந்து, மையத்தில் உறுதியாகி, மேலே போய், இணையத்திலும் வானொலியிலும் வெளிவர வேண்டும். தீ மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் போகும்போது அரை மணி நேரத் தாமதம் ஓர் ஊர். உறுதிப்படாத செய்தியைச் சொல்லி மக்களைப் பீதிக்குள்ளாக்கக் கூடாது என்ற தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் கணிப்பு வரைபடம் இருக்கும்போது உறுதிக்காகக் காத்திருப்பது, கணிப்பே இல்லாதது போல் நடந்துகொள்வதாகிவிடும். "உங்கள் ஊருக்கு மாலைக்குள் தீ வரக்கூடும்" என்ற ஒரு வரி, தவறாகிப் போனாலும் பரவாயில்லை என்று வெளியிடத் துணிந்த அதிகாரி ஒருவர் வேண்டும். அந்த அதிகாரத்தைச் சட்டம் அவருக்கு முன்பே கொடுத்திருக்கவும் வேண்டும்.

பிறகு வந்த மாற்றங்கள் இந்தத் திசையில்தான். மிகக் கடுமையான நாளில் முழுக் கட்டுப்பாட்டுக் குழு காலை 10 மணிக்கே, தீ எதுவும் இல்லாதபோதே, இருக்கையில் இருக்க வேண்டும். ஒரு பகுதி முகவரியில் பதிவான தொலைபேசிகளுக்கும் கைபேசிகளுக்கும் செய்தி அனுப்பும் அவசர எச்சரிக்கை முறை 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. எல்லாத் தீத் துறைகளையும் ஒருங்கிணைக்கத் தீயணைப்புச் சேவை ஆணையர் பதவி 2010-இல் உருவானது.

எங்கே இறந்தார்கள்

அன்று மாநிலம் முழுவதும் இறந்த 173 பேரில் 113 பேர் வீட்டுக்குள் இறந்தவர்கள். வீட்டுக்கு வெளியே 27, வாகனங்களில் 11, கராஜில் 6. இறந்தவர்களில் 44 சதவீதம் பேர் 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள், 70-ஐத் தாண்டியவர்கள், நோயோ உடல் இயலாமையோ உள்ளவர்கள்.

அதுவரை இருந்த கொள்கை: தயார் செய்துகொண்டு இருந்து காப்பாற்று, இல்லையேல் முன்கூட்டியே கிளம்பு. வெறுமனே சொன்னால் இது நியாயமான அறிவுரை. முந்தைய பல தீகளில் கடைசி நேரத்தில் சாலையில் ஓடியவர்களே அதிகம் இறந்ததால் பிறந்தது. குறை எங்கே என்றால், எல்லா நாளையும் ஒரே மாதிரி நாளாக அது பார்த்தது. குறியீடு 40 உள்ள நாளில் காப்பாற்றக்கூடிய வீட்டைக் குறியீடு 150 உள்ள நாளில் காப்பாற்ற முடியாது. கொள்கை அதைச் சொல்லவில்லை. நடுவில் ஒரு பெரும்பகுதி மக்கள் இரண்டையும் தேர்ந்தெடுக்காமல் "பார்த்துக்கொள்வோம்" என்று இருந்தார்கள். காத்திருந்து பார்ப்பதுதான் மிக ஆபத்தானது. ஏனென்றால் தீ கண்ணுக்குத் தெரியும்போது சாலை மூடிவிடும்.

தயாராக இருந்தவர்களுக்கும் எப்படிப் பிசகியது என்பதைப் பார்ப்பது பயன் தரும். மின்சாரம் முதலில் போகும், மின்பம்பு நின்றுவிடும். பெட்ரோல் பம்பு இருந்தால் வெப்பத்தில் எரிபொருள் ஆவியாகிக் குழாயில் அடைத்துக்கொள்ளும், அல்லது பிளாஸ்டிக் குழாயும் இணைப்பும் உருகும். பம்பை வெப்பக் கதிர் படாதபடி செங்கல் சுவருக்குப் பின்னால் வைத்து, குழாயை மண்ணுக்கடியில் கொண்டுபோய், மேலே தெரியும் இணைப்புகளை உலோகத்தில் அமைத்தால்தான் நிற்கும். வீட்டைக் காக்கத் தனித் தண்ணீர் குறைந்தது 10,000 லிட்டர் வேண்டும் என்று அங்குள்ள ஊரகத் தீயணைப்புத் துறை சொல்கிறது. ஊர்க்குழாயை நம்பக் கூடாது. எல்லாரும் ஒரே நேரத்தில் திறப்பார்கள், அழுத்தம் இருக்காது. ஆட்களும் உடல் வலுவுள்ள இருவராவது வேண்டும். முகப்பு கடக்கச் சில நிமிடம்தான். அதற்கு முன்னும் பின்னும் மணிக்கணக்கில் கங்கைத் தேடித் தேடி அணைக்க வேண்டும்.

குளியலறை விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பலர் குளியலறையில் ஒதுங்கி இறந்தார்கள். தண்ணீர் இருக்கிறது, சுவரெல்லாம் ஓடு, சன்னல் சிறியது. பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் கதவு ஒன்றே ஒன்று, அதுவும் வீட்டின் உள்ளே திறப்பது. வெளியே முகப்பு கடந்துவிட்டதா என்று பார்க்க வழியில்லை. மேலே கூரைவெளியில் கங்கு புகுந்து பற்றியிருந்தால் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. கூரை இறங்கும், அல்லது நச்சுப்புகை முந்திக்கொள்ளும். ஒதுங்கும் அறைக்கு வெளிக்கதவு வேண்டும். சன்னல் வழியாகத் தீயைப் பார்க்க முடிய வேண்டும். முகப்பு கடந்ததும், வீடு எரியத் தொடங்கியிருந்தால், ஏற்கெனவே கருகிய தரைக்கு உடனே வெளியேற வேண்டும். அதற்குக் கம்பளி அல்லது பருத்தி முழுக்கை உடை, தோல் காலணி, கம்பளிப் போர்வை முன்பே கையருகில் இருக்க வேண்டும். செயற்கை இழை துணி உடலோடு உருகி ஒட்டும்.

சருகைக் குறைப்பது எவ்வளவு உதவும்

அரசு நிலத்தில் ஆண்டுக்குக் குறைந்தது ஐந்து சதவீதத்தைத் திட்டமிட்டு எரிக்க வேண்டும் என்றது கமிஷன். எண் தெளிவாக இருந்ததால் துறை எண்ணை எட்ட ஓடியது. ஆளில்லாத தொலைக்காட்டில் பெரும்பரப்பை எரிப்பது எளிது, வீடுகளை ஒட்டிய சிறு துண்டுகளை எரிப்பது கடினம். கணக்கில் ஹெக்டேர் ஏறும். ஊருக்கு ஆபத்து அதே விகிதத்தில் குறையாது. 2015-இல் மாநில அரசு பரப்பு இலக்கைக் கைவிட்டு, எரிக்கவே இல்லையென்றால் இருக்கும் அபாயத்தை 100 என்று வைத்து, மிஞ்சும் அபாயத்தை 70 சதவீதத்துக்குக் கீழோ அதை ஒட்டியோ வைப்பது என்ற அளவுகோலுக்கு மாறியது. சரியான மாற்றம் என்றே கருதுகிறோம்.

எரிப்பின் பலனையும் எல்லையையும் முன்பு சொன்ன பெருக்கலே காட்டும். மெக்ஆர்தர் முறைப்படி சருகு பாதியானால் வேகமும் பாதியாகும். ஆகவே செறிவு கால்பங்கு. மீட்டருக்கு 6,000 கிலோவாட்டில் வரக்கூடிய தீ 1,500-க்கு இறங்கும், அதாவது டேங்கரின் கைக்குள் வரும். இதற்காகவே எரிப்பு மதிப்புள்ளது. 60,000-இல் வரும் தீ 15,000-க்கு இறங்கினாலும் யாராலும் நிறுத்த முடியாது. அன்றும், சில ஆண்டுகளுக்குள் எரிக்கப்பட்ட இடங்களில் தீயின் கொடுமை தணிந்திருந்தது, தீ நிற்கவில்லை. தரைச்சருகு ஐந்தாறு ஆண்டில் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். நார்ப்பட்டை மெதுவாகவே மீளும். ஆகவே எரிக்கும்போது பட்டையும் கருகும்படி எரிப்பதுதான் கங்கு மழையைக் குறைக்கும். காற்று லேசாக, சருகில் ஓரளவு ஈரம் நிற்கும் இலையுதிர்கால நாளைத் தேர்ந்து, சொட்டுத் தீப்பந்தத்தில் டீசல் மூன்று பங்கு, பெட்ரோல் ஒரு பங்கு கலந்து, காற்றுக்கு எதிராகப் பின்னோக்கி எரியும்படி வரிவரியாகப் போட வேண்டும். சுடர் இடுப்பளவைத் தாண்டத் தொடங்கினால் புது வரி போடுவதை நிறுத்த வேண்டும்.

நாளின் தரமும் வீட்டின் தரமும்

குறியீடு 100-ஐத் தாண்டும் நாளுக்கு 2009-10 பருவத்திலேயே தனி நிலை ஒன்று வந்தது. அந்த நாளில் ஒரே அறிவுரை: காப்பாற்ற நிற்காதே, முந்தைய இரவோ அதிகாலையிலோ கிளம்பு. 2022 செப்டம்பர் 1 முதல் நாடு முழுவதற்கும் நான்கு படி கொண்ட புதிய தர அளவு நடைமுறையில் உள்ளது. உச்சப்படி பேரழிவு நிலை.

காட்டையொட்டிக் கட்டும் வீடுகளுக்கான ஏ.எஸ். 3959 தரம் 2009-இல் திருத்தப்பட்டது. வீட்டின் மேல் விழக்கூடிய வெப்பக் கதிரைச் சதுர மீட்டருக்கு 12.5, 19, 29, 40 கிலோவாட் என்று வகைப்படுத்தி, அதற்கு மேல் சுடரே தொடும் மண்டலம் என்று பிரிக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் கண்ணாடி, கதவு, கூரை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. வீடுகள் பெரும்பாலும் சுடர் பட்டு எரிவதில்லை; கங்கு புகுந்துதான் எரிகின்றன. அதனால் இத்தரத்தின் மிக முக்கியமான எண் மிகச் சிறியது: காற்றுவழிகளை மூடும் உலோக வலையின் கண் 2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

தரம் புது வீட்டுக்கும் பெரிய மாற்றக் கட்டுமானத்துக்கும்தான் பொருந்தும். காட்டோரத்தில் நிற்கும் பழைய வீடுகளே எண்ணிக்கையில் அதிகம். அவற்றின் உரிமையாளர்களை இதைச் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த வழியில்லை. பணம் குறைவாக இருந்தால் வேலையை இந்த வரிசையில் செய்வது நல்லது: கூரைவெளிக்குப் போகும் துளைகளுக்கும் தரைக்கடியிலுள்ள இடைவெளிக்கும் 2 மில்லிமீட்டர் உலோக வலை, ஓடு, தகரச் சந்துகளை அடைப்பது, கூரையோர மழைநீர்க் காடியில் சருகு தங்காமல் பார்ப்பது, சன்னல்களுக்கு உலோக வலைத்திரை, பிறகு மரத்தளத்தை வீட்டிலிருந்து பிரிப்பது. விறகுக் குவியல், தேங்காய்நார் மிதியடி, காஸ் சிலிண்டர் ஆகியவற்றைச் சுவரிலிருந்து நகர்த்தக் காசே வேண்டாம். அதைத் தீப்பருவம் தொடங்குமுன் செய்துவிட வேண்டும். சன்னலுக்கு நேர் கீழே இருக்கும் புதரை வெட்டுவதும் அதே நாள் வேலை. கண்ணாடி விரிசல் விட அந்த ஒரு புதரின் வெப்பமே போதும்.